ரேஷன் அட்டையிலிருந்து டிஸ்சார்ஜ் வரை

முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பம் மாட்டிக்கொள்ளும் இடம் பல நேரம் ஆஸ்பத்திரி அல்ல. மகனுக்குக் கல்யாணமாகி ரேஷன் அட்டை பிரிந்தபோது அப்பாவின் பெயர் எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்க்காமல் விட்டார்களே, அன்றைக்கே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அவரை நெஞ்சுவலி என்று தூக்கிக்கொண்டு ஓடும் நாளில்தான் அது வெளியே தெரியும். ஆள் மூத்தவன் வீட்டில் இருக்கிறார், பெயர் இளையவன் அட்டையில் இருக்கிறது, இளையவனோ காப்பீட்டுக்குப் பதிவே செய்யவில்லை. இன்சூரன்ஸ் கவுன்டரில் இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு "பேர் வரலையே" என்பார். அதற்கப்புறம் கலெக்டர் ஆபீசுக்கும் ஐசியுவுக்கும் இடையே ஒரு ஆள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊரில் பலர் இன்னும் இதைக் 'கலைஞர் காப்பீடு' என்றுதான் சொல்கிறார்கள். அதில் தவறில்லை. 2009 ஜூலை 23-ல் அந்தப் பெயரில்தான் திட்டம் தொடங்கியது. ஆட்சி மாறியதும் 2012 ஜனவரி 11-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுபடி வந்தது. 2018 செப்டம்பர் 23-ல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது; அதன் பிறகு ஒரு குடும்பத்துக்கான ஆண்டு வரம்பு 5 லட்சம் ரூபாய் ஆனது. 2022 ஜனவரியில் யுனைடெட் இந்தியா நிறுவனத்தோடு அடுத்த ஐந்தாண்டு ஒப்பந்தம். 1.37 கோடி குடும்பங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம், அதை அரசே கட்டுகிறது என்பது அந்த ஒப்பந்தத்தின் கணக்கு. மக்கள் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. ஆகவே அட்டை போட்டுத் தருகிறேன் என்று 300, 500 கேட்பவர் இடைத்தரகர்தான், வேறு யாரும் இல்லை.

இத்தனை முறை பெயரும் படமும் மாறியதால் வருகிற முதல் கேள்வி, "பழைய அட்டை செல்லுமா?" அட்டையின் நிறத்தையோ அதிலுள்ள படத்தையோ பார்த்து அதைச் சொல்ல முடியாது. திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் அட்டை எண்ணையோ பாலிசி எண்ணையோ போட்டுப் பாருங்கள். குடும்பத்தில் யார் யார் பெயர் வருகிறது என்று தெரிந்துவிடும், மின் அட்டையையும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். இணையம் கைவராதவர்கள் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடலாம். பெயர் வருகிறதா என்பதோடு நிறுத்திவிடாமல், எல்லார் பெயரும் வருகிறதா என்று கேளுங்கள். தலைவர் பெயர் வந்ததும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கடைசியாகப் பிறந்த பிள்ளையின் பெயர் அதில் இருக்காது.

வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். 2022-க்கு முன் 72,000-ஆக இருந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் 10,000. கணவன் மனைவி இருவரும் கூலிக்குப் போகிற வீட்டில் உண்மையான வருமானம் இதைத் தாண்டிவிடும் என்பது வருமானச் சான்று எழுதும் விஏஓவுக்கும் (கிராம நிர்வாக அலுவலர்) தெரியும், நமக்கும் தெரியும். வேலை இருக்கும் நாளும் இல்லாத நாளும் கலந்து அவர் ஒரு தொகையை எழுதுகிறார். வரம்பு வாழ்க்கைச் செலவோடு சேர்ந்து ஏறாததால் வருகிற கோணல் இது. இதனால் பாதிக்கப்படுகிறவர்கள் வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் குடும்பங்கள். கம்பெனியில் 14,000 சம்பளச் சீட்டு உள்ளவர் இந்தப் பக்கம் வர முடியாது. அவர் சம்பளத்தில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருந்தால் அந்த வழியாகப் போகலாம். பிடிக்கவில்லை என்றால் இரண்டும் இல்லை.

பதிவுக்கு வேண்டியவை குடும்ப அட்டை, எல்லாருடைய ஆதார், வருமானச் சான்று, அவ்வளவுதான். விண்ணப்பப் படிவத்தை விஏஓவிடம் கொடுத்து வருமானத்தை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். தேதி இல்லாத கையெழுத்தோடு வந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு. மையத்தில் படம் எடுத்து, கைரேகை வாங்கிப் பதிவு செய்வார்கள். குடும்பத்தினர் எல்லாரும் ஒன்றாகப் போய்விடுவது நல்லது. படுத்த படுக்கையாக இருப்பவரைக் கூட்டிவர முடியாது என்றால் அதை முதலிலேயே சொல்லி வழி கேளுங்கள். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற பிறகு சொல்லாதீர்கள். அரசு நடத்தும் மருத்துவ முகாம்களிலும் பதிவு நடப்பதுண்டு. கூட்டம் அதிகமாக இருந்தாலும் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் பஸ் செலவு மிச்சம்.

இந்த இடத்தில் இரண்டு சின்ன விஷயங்கள் பெரிய தலைவலியாகும். ஒன்று எழுத்து. ஆதாரில் லட்சுமி, ரேஷன் அட்டையில் லெட்சுமி. ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் அட்டையில் முன்னால், வாக்காளர் அட்டையில் இனிஷியலே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பிறந்த தேதி மட்டும் 01-01 என்று எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கும்! ஆதாரைச் சரிசெய்வதா ரேஷன் அட்டையைச் சரிசெய்வதா என்று குழம்ப வேண்டாம், ஆதாரில் உள்ள எழுத்துப்படி ரேஷன் அட்டையை மாற்றுங்கள். ஆதாரை மாற்றப் போனால் பேங்க், பான், பிஎஃப் என்று எல்லா இடத்திலும் அதே வேலை தொடரும்.

இன்னொன்று கைரேகை. சித்தாள் வேலை, சுண்ணாம்பு, பாத்திரம் தேய்ப்பது என்று காலம் தள்ளிய கைகளில் ரேகை தேய்ந்து போயிருக்கும். மெஷின் நாலு தடவை "மறுபடி வைக்கவும்" என்று சொல்லிவிட்டு நிற்கும். ஈரத்துணியில் துடைத்து, வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். அதுவும் வரவில்லை என்றால் ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓடிபிதான் வழி. அந்த நம்பரோ நாலு வருஷத்துக்கு முன் தொலைந்துபோன சிம்மில் இருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், காப்பீட்டு மையத்துக்கு முன்னால் ஆதார் மையத்துக்குப் போய் நம்பரை மாற்றிவிடுங்கள்.

வருமானச் சான்று இல்லாமலே தகுதி பெறுகிறவர்களும் உண்டு. மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பதிவு பெற்ற இல்லங்களில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகளும் திட்டத்தில் வருவார்கள். வெளிமாநிலத் தொழிலாளிகள் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி வேலை செய்வதற்கு உரிய சான்று வாங்கினால் அவர்களையும் சேர்க்க முடியும். திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்த பிறகு தேடுவதைவிட அது சுலபம்.

அட்டை வந்தாயிற்று. இனி ஒரே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். இந்தத் திட்டம் நோய்க்குப் பணம் தருவதில்லை, பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் தருகிறது. 2022 ஒப்பந்தத்தின் பட்டியலில் 1,090 சிகிச்சை முறைகள், 8 தொடர் சிகிச்சைகள், 52 பரிசோதனை முறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு தொகை. ஆஸ்பத்திரியின் தரத்தைப் பொறுத்துத் தொகை மாறும். அந்தத் தொகைக்குள் படுக்கை, சாப்பாடு, டாக்டர், மயக்க மருந்து, தியேட்டர், மருந்து, உடலுக்குள் வைக்கும் பொருள் எல்லாம் அடக்கம். கல்யாண மண்டபத்தில் இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுகிறோமே, அதே கணக்கு. பேசியபிறகு அப்பளத்துக்குத் தனியாகக் காசு கேட்க முடியாது.

ஆகவே "சர்க்கரைக்குக் காப்பீடு உண்டா?" என்று கேட்டால் பதில் கிடையாது. சர்க்கரையால் கால் அழுகி அறுவை செய்ய வேண்டியிருந்தால் அதற்கு என்ன எண், அது இந்த ஆஸ்பத்திரிக்கு உண்டா என்பதுதான் கேள்வி. ஓபி சீட்டு, மாதாமாதம் சாப்பிடும் மாத்திரை, முழு உடல் பரிசோதனை, அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை எதுவும் இதில் வராது. "எதுக்கும் இரண்டு நாள் வைச்சுப் பார்க்கலாம்" என்று படுக்கவைப்பதற்கும் பெரும்பாலும் ஒப்புதல் கிடைக்காது. என்ன சிகிச்சை என்று முடிவாகாதவரை எந்த எண்ணைப் போடுவது?

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்குத்தான். வாசலில் காப்பீட்டுப் பலகை இருக்கிறது என்பதாலேயே எல்லாச் சிகிச்சையும் அங்கே கிடைக்கும் என்று அர்த்தமில்லை. அங்கீகாரம் துறைவாரியாகத் தரப்படுகிறது. ஒரு ஆஸ்பத்திரிக்கு எலும்பு மட்டும் இருக்கும், இன்னொன்றுக்கு டயாலிசிஸ் மட்டும், வேறொன்றுக்குக் கண் மட்டும். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. இலவச எண்ணைக் கூப்பிட்டு, "இன்ன ஊரில் இன்ன ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷனுக்கு இப்போது அங்கீகாரம் இருக்கிறதா?" என்று துறையையும் 'இப்போது' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். போன வருஷம் இருந்தது இந்த வருஷம் நீக்கப்பட்டிருக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம்தானே, அங்கே ஏன் அட்டை கேட்கிறார்கள் என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். அங்கேயும் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் வருகிறது. மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. 1994-ல் தொடங்கிய அந்த ஏற்பாடுதான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை மாத்திரையைக் கொண்டுசேர்க்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவு மூட்டு, ஒரு குறிப்பிட்ட தகடு, இதய இரத்தக்குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் என்று ஆளுக்கு ஆள் மாறும் பொருட்களைக் காப்பீட்டுப் பணத்தில் வாங்கும்போது காத்திருப்பு குறையும். ஆகவே ஜிஎச்சில் அட்டை கேட்டால் மறைக்காமல் கொடுங்கள். பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிக்கலான அறுவைக்குக் கூட்டம் அதிகம், நாள் தள்ளிப்போகும், படுக்கைக்குப் பக்கத்தில் பாய் விரிக்க வேண்டியிருக்கும். ஆனால் பில் போடும் எண்ணம் இல்லாத டாக்டரின் "ஆபரேஷன் வேண்டாம்" என்ற வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. தனியாரில் ஆபரேஷன் என்று சொன்னால், அவசரமில்லாத பட்சத்தில், ஒரு தடவை ஜிஎச் ஓபியில் காட்டிவிட்டு முடிவெடுப்பது வீண் வேலை அல்ல.

தனியார் ஆஸ்பத்திரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டாக்டர் பார்த்து, டெஸ்ட் எடுத்து, இன்ன சிகிச்சை என்று எழுதுவார். இன்சூரன்ஸ் கவுன்டர் அதை ஆன்லைனில் முன் ஒப்புதலுக்கு அனுப்பும். ஆஸ்பத்திரி ஆட்கள் வாயில் அது 'பிரீ-ஆத்' அல்லது 'அப்ரூவல்'. அட்டை, ஆதார், நோயாளி படுக்கையில் இருக்கும் படம், டாக்டர் குறிப்பு, அந்த நோயை நிரூபிக்கும் ரிப்போர்ட் எல்லாம் ஏற்ற வேண்டும். அந்தப் பக்கம் இன்சூரன்ஸ் தரப்பு டாக்டர் அதைப் பார்த்து ஒப்புதல் தருவார், மறுப்பார், அல்லது கேள்வி எழுப்புவார். இந்தக் கேள்விக்குப் பெயர் 'குவரி'.

"இன்சூரன்ஸ்ல இழுத்தடிக்கிறாங்க" என்று கவுன்டரில் சொன்னால் உடனே நம்ப வேண்டாம். குவரி விழுந்திருக்கிறதா, என்ன கேட்டிருக்கிறார்கள் என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள். கேள்வி காலை 10 மணிக்கு வந்திருக்கும். பதில் எழுத வேண்டிய டாக்டர் தியேட்டரில் இருப்பார், ரவுண்ட்ஸ் முடித்து மாலை 6 மணிக்கு வருவார், அதற்குள் கவுன்டர் ஆள் வீட்டுக்குப் போயிருப்பார். தாமதம் அங்கே இல்லை, இங்கேயே இருக்கிறது. கேட்கப்படுவதும் பெரும்பாலும் வழக்கமான கேள்விகள்தான். ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் ஆஞ்சியோகிராம் சிடியும் ரிப்போர்ட்டும். எலும்பு முறிவு என்றால் பெயரும் தேதியும் தெரியும் எக்ஸ்ரே. குடலிறக்கம் என்றால் ஸ்கேன். கர்ப்பப்பை எடுப்பது என்றால் வயது, ஸ்கேன், என்ன மருந்து கொடுத்துப் பார்த்தார்கள் என்ற விவரம். கட்டி என்றால் பயாப்சி. எக்ஸ்ரேயில் பெயர் அடிக்காமல் பேனாவால் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அதையும் தப்பென்று சொல்ல முடியாது. ஒரே எக்ஸ்ரேயைப் பத்துப் பேருக்குக் காட்டிப் பணம் வாங்குவதைத் தடுக்க வேறு வழி என்ன இருக்கிறது?

பணம் கசிவதும் இந்த இடைவெளியில்தான். அட்மிஷனுக்கும் ஒப்புதலுக்கும் நடுவில் "இப்போதைக்கு அட்வான்ஸ் கட்டுங்க, அப்ரூவல் வந்ததும் திருப்பித் தர்றோம்" என்பார்கள். கட்ட நேர்ந்தால் ஆஸ்பத்திரி பெயர், ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), தேதி போட்ட ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதியது ரசீது அல்ல. வெளியே மெடிக்கலில் மருந்து வாங்கிவரச் சொன்னால் சீட்டையும் பில்லையும் சேர்த்துப் பின் குத்தி வையுங்கள். ஒப்புதல் வந்த அன்றே, தொகை எவ்வளவு, எந்தச் சிகிச்சைக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் "அது டெஸ்டுக்குச் சரியாப் போச்சு" என்ற பதில்தான் கிடைக்கும். டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில் பட்டியலில் உள்ள சிகிச்சை எதுவும் தேவையில்லை என்று ஆனால் செலவு நம் தலையில் விழலாம். அதனால் டெஸ்டுக்கு முன்பே, "இது காப்பீட்டில் வருமா, வராவிட்டால் எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வழி, "இன்சூரன்ஸ்ல வர்றது சாதா ஸ்டென்ட், நல்லது வேணும்னா மேல 40,000 ஆகும்" என்று சொல்வது. இரத்தக்குழாய் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து ஒன்றிய அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதனால் 'நல்லது' என்ற வார்த்தைக்குப் பெரிய விலை இருக்க நியாயமில்லை. ஸ்டென்ட் டப்பாவில் கம்பெனி பெயர், அளவு, வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். கேஸ் ஷீட்டில் ஒன்றை ஒட்டி, இன்சூரன்சுக்கு ஒன்றை அனுப்புவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒன்றை ஒட்டித் தரச் சொல்லுங்கள், தர மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு வருஷம் கழித்து வேறு ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். மூட்டு மாற்று, லென்ஸ், பேஸ்மேக்கர் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

அவசரத்தில் அட்டையைத் தேடி நேரத்தைக் கொல்லக் கூடாது. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் கெடு. அந்த நேரத்தில் பீரோவைக் குடைந்துகொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். மாரடைப்பு என்று தோன்றினால் கிராமத்தில் உள்ளவர்கள் நேராகப் பெரிய ஊருக்குக் கார் பிடிக்காமல் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்துங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கே முதல்கட்ட மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. ஐந்து நிமிட வேலை. என்ன கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். அட்டையைப் பின்னால் இன்னொருவர் எடுத்துவரட்டும். அட்டை எண் படமாகச் செல்போனில் இருந்தால் அதுகூடத் தேவைப்படாது.

சாலை விபத்துக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 என்ற திட்டம் 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், அட்டை இருக்கிறதா, வருமானம் என்ன என்ற கேள்வியே இல்லாமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். 49-வது மணியில் என்ன ஆகும் என்பதை வீட்டார் முதல் நாளே யோசிக்க வேண்டும். காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கேயே தொடரலாம். இல்லாதவர் ஜிஎச்சுக்கு மாற வேண்டும், அல்லது கைக்காசு. ஆகவே ஒருவர் நோயாளியோடு இருக்கட்டும், இன்னொருவர் அட்டை வேலையைப் பார்க்கட்டும். விபத்து கேசில் ஏஆர் காப்பி என்ற விபத்துப் பதிவேட்டு நகல் இல்லாமல் கோப்பு நகராது. அதில் விபத்து நடந்த இடம், நேரம், யார் கொண்டுவந்தார் என்று எழுதுவார்கள். பதற்றத்தில் "வீட்டுல வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டுப் பிறகு வண்டி மோதியது என்று மாற்றினால் காப்பீடும் சிக்கும், மோட்டார் விபத்து வழக்கும் சிக்கும்.

டயாலிசிஸ், புற்றுநோய் இரண்டிலும் ஒரே ஒப்புதலில் எல்லாம் முடிவதில்லை. கீமோவுக்குச் சுற்றுச் சுற்றாக அனுப்புவார்கள், டயாலிசிஸும் தவணை தவணையாகத்தான். ஒரு தவணை முடியும் முன்னரே அடுத்ததற்கு அனுப்பினார்களா என்று கேட்பது நோயாளி வீட்டாரின் வேலையாகிவிடுகிறது, ஆகக் கூடாதுதான். ஆஸ்பத்திரியை மாற்றினால் பழைய இடத்தில் ஒப்புதலை முடித்துவைத்தார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே திறந்தே கிடந்தால் புதிய இடத்தில் கோப்பு நிற்கும்.

5 லட்சம் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு, ஆண்டுக்கு. அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடும் வீட்டில் அதே வருஷம் தம்பிக்கு முதுகெலும்பு அறுவை வந்தால் இரண்டும் ஒரே பையிலிருந்துதான் போகும். மீதி எவ்வளவு என்பதைக் கவுன்டரிலோ இலவச எண்ணிலோ கேட்கலாம். அவசரமில்லாத அறுவையாக இருந்தால் அடுத்த பாலிசி ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று டாக்டரிடம் பேசுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கையெழுத்து வாங்க இரண்டு மூன்று தாள் நீட்டுவார்கள். அதில் ஒன்று, சிகிச்சை திருப்தி, பணம் எதுவும் வாங்கவில்லை என்று நீங்கள் எழுதிக் கொடுப்பது. பணம் கட்டியிருந்தால் அந்த வரியில் எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எதுவும் நிரப்பாத தாளில் போடவே போடாதீர்கள். புகார் கொடுக்கும்போது எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டுவது நீங்கள் போட்ட அந்தக் கையெழுத்தைத்தான். புகாருக்கு 1800 425 3993 முதல் படி. அழைத்ததும் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதில் வழி பிறக்கவில்லை என்றால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ரசீது நகல்களோடு மனுக் கொடுக்கலாம். 'அநியாயம் நடக்கிறது' என்று நாலு பக்கம் எழுதுவதைவிட, தேதி, தொகை, ரசீது எண், ஒப்புதல் எண் என்று அரைப் பக்கம் எழுதிய மனு சீக்கிரம் நகரும்.

வீட்டுக்கு வந்தபிறகு காப்பீடு கைவிட்டுவிடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடர் சிகிச்சைக்குப் பட்டியலில் இடம் கொஞ்சம்தான். ஸ்டென்ட் வைத்தவர் தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஆகிறது என்று மூன்றாம் மாதம் நிறுத்தினால், உள்ளே வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். லட்ச ரூபாய் சிகிச்சை அப்படித்தான் வீணாகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தாலுகா ஆஸ்பத்திரிக்கோ போங்கள். கம்பெனிப் பெயரைக் காட்டிக் கேட்டால் "இல்லை" என்பார்கள். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அதே மருந்து 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த மாத்திரை அட்டையில் இருக்கும். அதற்குத்தான் சம்மரியில் மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்ல வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரை என்றால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிந்துவிட்டால் வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்ட் 5-லிருந்து நடக்கிறது. நடக்க முடியாதவர்களுக்குப் பிசியோதெரபியும் வீட்டில் கிடைக்கும். ஊரில் வரும் சுகாதாரத் தன்னார்வலரின் போன் நம்பர் வீட்டில் இருக்கட்டும்.

வெளிமாநிலத்தில் சிகிச்சை என்றால் ஒரு எச்சரிக்கை. இந்தியா முழுக்கச் செல்லும் என்பது ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு. தமிழ்நாட்டு அட்டை வைத்திருக்கிற எல்லாரும் அந்தப் பட்டியலில் இல்லை. பெங்களூருக்கு ரயில் ஏறும் முன் ஆயுஷ்மான் பாரத் உதவி எண்ணான 14555-ல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தத் தாள்களையெல்லாம் போட்டுவைக்க ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அட்டை நகல், ரேஷன் அட்டை, ஆதார் நகல்கள் மூன்று செட், நோயாளியின் இரண்டு படம், பழைய ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில், எல்லாவற்றுக்கும் மேலே டிஸ்சார்ஜ் சம்மரி. எக்ஸ்ரே படத்தை மடிக்காமல் வையுங்கள், வெயில் படும் ஜன்னலில் செருகாதீர்கள். ஈசிஜி தாளை மட்டும் எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள். சூட்டில் அச்சாகும் தாள் அது, சில மாதங்களில் கோடு மங்கி, மறுபடி நெஞ்சுவலி வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் இளஞ்சிவப்புக் கட்டங்கள்தான் மிஞ்சும்.